தயாநிதி சொன்ன ஓம்

பிரசாந்தினிக்கு விலாவுக்குக் கீழே, வலது பக்கமாக நோகத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வயிற்றில் பிள்ளைக்கு முப்பது கிழமை, ஏழு மாதம். முதல்நாள் பின்னேரம் சாப்பிட்ட கடலை வடைதான் காரணம் என்று நினைத்துச் சீரகத்தைக் கொதிக்கவைத்துக் குடித்தாள். நோவு போகவில்லை. பத்து மணியளவில் தலை இடித்து, கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் ஓடத் தொடங்கின. கண்ணை மூடிப் பார்த்தாள். மூடிய பிறகும் ஓடின. அதன் பிறகுதான் கணவனுக்கு அழைத்தாள்.

தயாநிதி வெளிநாட்டில், ஷ்லீரன் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தான். அகதியாக வந்து, பாத்திரம் கழுவத் தொடங்கி, பதினாறு வருடத்தில் சூப்புக்கும் சோஸுக்கும் பொறுப்பானவனாக வந்திருந்தான். பிரசாந்தினி கல்யாணம் முடித்து வந்து நான்கு வருடம். இரண்டு கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோய், இது மூன்றாவது. வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவன்தான் வாசித்துச் சொல்வான். தெரிந்தவர்களுக்கு வதிவிட அனுமதிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அவன்தான். தன்னுடைய டொச், அந்த நாட்டில் பேசும் ஜெர்மன் மொழி, எதற்கும் போதும் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது.

காஸ்ரிக்காக இருக்கும், கொஞ்ச நேரம் சரிந்து படுத்திரு என்று அவன் சொன்னான். அரைமணி கழித்து அவள் மறுபடி அழைத்து, அதே விஷயத்தை முதல்தரம் சொல்வதுபோலச் சொன்னாள். அவனுக்கு அது பிடிபடாமல் பயமாக இருந்தது. அவளைப் பார்க்கும் மகப்பேற்று மருத்துவரின் கிளினிக்குக்கு அழைத்தான். அங்கே தொலைபேசி எடுத்த பெண் இரண்டே கேள்விதான் கேட்டாள்: தலை இடிக்கிறதா, கண்ணுக்குள் ஏதும் மின்னுகிறதா. இரண்டுக்கும் ஆம் என்றதும், இங்கே வரவேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இப்போதே போங்கள் என்றாள்.

அவன் வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடிவர, இருவரும் டாக்ஸியில் போனார்கள். அவசரப் பிரிவில் பிரசாந்தினியின் பிரஷரை மூன்றுதரம் அளந்தார்கள். மூன்றுதரமும் நூற்றுத் தொண்ணூறுக்குக் கிட்ட நின்றது. இரத்தம் எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் தயாநிதிக்கு இது வடையின் வேலை இல்லை என்று விளங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் மருத்துவர் ஒருவர் வந்து கை கொடுத்தார். தன்னுடைய பெயர் அம்மான் என்றார். தாயின் சகோதரனைக் கூப்பிடுகிற சொல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயராக இருந்ததில் அவனுடைய மனம் ஒரு கணம் தடக்கி நின்றது. அதற்குள் அவர் வேகமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார். ஈரல் என்ற சொல் வந்தது. அது சமையலறையில் தெரிந்த சொல். இரத்தம் வந்தது. பிறகு 'ஹெல்ப்' என்றார். இன்னொருதரமும் 'ஹெல்ப்' என்றார். மருத்துவரே உதவி கேட்கிறார் என்று நினைத்த தயாநிதி ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, தான் உதவுவதாகவும், என்ன செய்யவேண்டும் என்று சொன்னால் போதும் என்றும் டொச்சில் சொன்னான்.

அம்மான் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து அந்தச் சொல்லை எழுதிக் காட்டினார். அதில் எல் என்ற எழுத்து இரண்டு இருந்தது. அது உதவி இல்லை, நோயின் பெயர். இரத்த அணுக்கள் உடைகின்றன, ஈரல் பழுதாகிறது, இரத்தத்தை உறைய வைக்கிற தட்டுகள் குறைகின்றன. கர்ப்பத்தால் வந்த நோய் என்பதால் பிள்ளையை வெளியே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள். இதை அவர் இப்போது மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் விளங்கியது. கழற்றிப்போட்ட ஜாக்கெட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

பிரசாந்தினி கட்டிலில் இருந்தபடி, "என்னவாம்?" என்று கேட்டாள்.

"பிள்ளையை எடுக்கப்போகினமாம்."

"இப்பவோ? இன்னும் பத்துக் கிழமை கிடக்குதே."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்போது அவள் இவனைப் பார்க்காமல் மேலே லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆயிரத்து நூற்றெண்பது கிராம். ஒரு கண்ணாடிப் பெட்டியை மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இவனுக்கு முன்னால் இரண்டு மூச்சு விடும் நேரம் நிறுத்தினார்கள். உள்ளே வயர்களும் தொப்பியும் தெரிந்தன. பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க முன்னர் பெட்டி நகர்ந்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் போவதா, கதவடியில் நிற்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. லிப்ட் வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி லிப்டுக்குப் போனபோது அது மேலே போய்விட்டிருந்தது.

நான்கு மணிக்கு அம்மான் வெளியே வந்தார். இந்தமுறை கையில் ஒரு தொலைபேசி, ஸ்பீக்கரில். அதற்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி வணக்கம் சொன்னாள். தமிழ்நாட்டுத் தமிழ். அம்மான் ஒரு வசனம் சொல்ல அவள் ஒரு வசனம் சொன்னாள். அந்த நேரம் பார்த்து நடைபாதையால் ஒரு கட்டில் போனது. எங்கேயோ ஒரு மணி விடாமல் அடித்தது. தொலைபேசிக் குரல் அறுந்து அறுந்து வந்தது. இரத்தம் நிற்கவில்லை என்றது காதில் விழுந்தது. மருந்து, உள்ளே வைத்து அழுத்தும் பலூன், எதுவும் பிடிக்கவில்லை என்றது விழுந்தது. பிறகு, "...பையை எடுக்க வேண்டி வரலாம். புரியுதா சார்?" என்றாள்.

பிள்ளையைச் சுற்றியிருந்த பை என்று தயாநிதி நினைத்தான். பன்னீர்க்குடம், நஞ்சுக்கொடி, அந்த வகையில் ஏதோ ஒன்று உள்ளே தங்கிவிட்டது. தங்கக்கூடாததுதானே, எடுக்கத்தானே வேண்டும்.

"ஓம்," என்றான்.

"ஆமான்னு சொல்றீங்களா சார்?"

"ஓம், ஓம். எடுக்கச் சொல்லுங்கோ."

அவள் டொச்சில் 'யா' என்றது அவனுக்குக் கேட்டது. அம்மான் அவனுடைய தோளைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

அதன் பிறகு அவனுடைய நாள்களுக்கு இரண்டு மாடிகள் இருந்தன. நான்காம் மாடியில் பிரசாந்தினி தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கமருந்தில் கிடந்தாள். அவளுக்காக ஒரு இயந்திரம் மூச்சு விட்டது, இன்னொன்று சிறுநீரகத்தின் வேலையைச் செய்தது. முகம் வீங்கி, அவளுடைய தமக்கையைப் போல இருந்தாள். ஆறாம் மாடியில் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெயர் கேட்டார்கள். முன்னரே பிரசாந்தினி தெரிவுசெய்து வைத்திருந்த பெயரை, கோபிஷா என்று எழுதிக் கொடுத்தான்.

நான்காம் மாடியில் நிற்கும்போது ஆறாம் மாடியில் ஏதோ நடப்பதுபோல இருக்கும். ஆறாம் மாடிக்குப் போனதும் நான்காம் மாடியில் மணி அடிப்பதுபோல இருக்கும். சிலநேரம் லிப்டுக்குள் ஏறிவிட்டு எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் நிற்பான். ஒருதரம் முகக்கவசத்தோடு ஐந்தாம் மாடியில் இறங்கி, யாரோ ஒருவரின் அறைக்குள் போய், முழங்கால் ஒப்பரேசன் செய்த கிழவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவரும் இவனுக்கு வணக்கம் சொன்னார்.

ஆறாம் மாடியில் திரேசா என்று ஒரு தாதி இருந்தாள். அந்த நாட்டிலேயே, சோலோதுர்ன் என்ற ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, இருபத்தேழு வயது. மருத்துவர்கள் சொல்வதை மொழிபெயர்க்கத் தனக்கு அனுமதி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனால் மற்ற விஷயங்களைக் காட்டித் தந்தாள். பிள்ளையைத் தடவக்கூடாது, தோல் தாங்காது. ஒரு கையைத் தலையிலும் மற்றதைக் காலிலும் வைத்து அசையாமல் பிடிக்கவேண்டும் என்றாள். மூன்றாம் நாள் அவனுடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, பிள்ளையை வயர்களோடு தூக்கி அவன் நெஞ்சில் வைத்தாள். ஒரு கைப்பிடிச் சோறு அளவு சூடு. தாய்க்கு முன்னர் நான் பிள்ளையை வாங்குகிறேனே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்படி இருக்கும்போதுதான் அவன் கேட்டான், "தங்கச்சி, அடுத்த பிள்ளைக்கும் இந்த வருத்தம் வருமோ?"

திரேசா மொனிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"அண்ணா, உங்களுக்கு டொக்டர் எல்லாம் சொன்னவாதானே?"

"எதை?"

"நான் சொல்லேலாது. நான் டொக்டரைக் கூப்பிடுறன்."

அன்று பின்னேரமே அவனை ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். அம்மான் வந்தார். இந்தத்தரம் மொழிபெயர்ப்பாளர் நேரிலேயே வந்திருந்தார், கண்ணாடி போட்ட ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அம்மான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கையைக் கோத்துக்கொண்டு, "தம்பி, அவை எடுத்தது கர்ப்பப்பை. இனிப் பிள்ளை தங்காது," என்றார்.

தயாநிதி அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். அவர் திருப்பிச் சொன்னார். நான்கு மணி, நடைபாதை, கட்டில், மணிச்சத்தம் எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தன. தனக்கு விளங்கியது வேறு ஏதோ பை என்று சொல்ல வாய் எடுத்தான். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில், நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டான்.

எடுத்திருப்போம் என்றார் அம்மான். இருபத்திரண்டு பை இரத்தம் ஏற்றியும் நிற்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் ஆள் இல்லை. அப்படியான நேரத்தில் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க முடியாது.

"அப்ப ஏன் என்னைக் கேட்டனீங்கள்?"

அந்த அம்மா அதை மொழிபெயர்த்தார். பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு என்ன நடக்கிறதென்று தெரியவேண்டும் என்பதற்காகக் கேட்டோம் என்றார் அம்மான். அது சரியாக நடக்கவில்லை என்று இப்போது தெரிகிறது, அதற்காக வருந்துகிறேன் என்றார்.

தயாநிதி தலையாட்டினான். வெளியே வந்த பிறகு, ஏன் தலையாட்டினேன் என்று யோசித்தான். தான் சொன்ன ஓம் எதையாவது செய்ததா? செய்யவில்லை என்றால் ஏன் இப்படிப் பாரமாகக் கிடக்கிறது? தீர்மானித்தது தான் இல்லை என்றால் ஆறுதல் வரவேண்டும். வரவில்லை. தன்னுடைய சொல்லுக்கு அங்கே ஒரு பெறுமதியும் இருக்கவில்லை என்ற நினைப்புத்தான் வந்தது.

ஆறாம் நாள் பிரசாந்தினியின் வாயிலிருந்து குழாயை எடுத்தார்கள். கண் திறந்தாள். அவன் எதிர்பார்த்த பிரசாந்தினி திறந்த கண்ணுக்குள் இருக்கவில்லை. இந்தப் பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று கேட்டாள். கூரையில் ஆள்கள் நடக்கிறார்கள், சத்தம் போடாமல் இருங்கோ என்றாள். நீண்ட மயக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கு இப்படி வரும், போய்விடும் என்று தாதிமார் சொன்னார்கள். எப்போது போகும் என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட அவனை ஆட்டியது அவள் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்ததுதான். யாராவது கிட்ட வந்தால் இரண்டு கையாலும் மறைத்தாள். பிள்ளை பிறந்துவிட்டது, பொம்பிளைப் பிள்ளை, மேலே நல்லாயிருக்கிறாள் என்று அவன் காலையில் சொல்வான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மத்தியானம் பிள்ளை துடிக்கேல்லை, டொக்டரைக் கூப்பிடுங்கோ என்பாள். அவன் மறுபடி முதலிலிருந்து சொல்வான். தொலைபேசியில் படம் காட்டினான். அவள் படத்தைப் பார்த்துவிட்டு அவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"உது ஆற்றை பிள்ளை?"

"எங்கடை பிள்ளையப்பா. கோபிஷா."

"கோபிஷா எனக்குள்ளை இருக்கிறா. நீங்கள் ஆற்றையோ பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏமாத்துறியள்."

அவன் நடைபாதைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். தலைக்குள் எதுவும் ஒழுங்காக நிற்கவில்லை. இல்லாத பிள்ளைக்காக அவள் வயிற்றைப் பிடித்திருக்கிறாள். அந்த வயிற்றில் என்ன இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. பிறந்த பிள்ளையை நம்பாதவளிடம் மற்றதை எப்படிச் சொல்வது?

நான்கு நாளில் அந்த மயக்கம் தெளிந்தது. திடீரென்று இல்லை; மழை விடுவதுபோல, விட்டதா விடவில்லையா என்று தெரியாமல். ஒரு காலை அவள் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். வெள்ளி என்றான். செவ்வாய்க்குப் பிறகு வந்த வெள்ளியா என்று கேட்டாள். இல்லை, அதற்கு அடுத்தது என்றான். அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு அழாமல், "பிள்ளையைக் காட்டுங்கோ," என்றாள்.

கட்டிலோடு ஆறாம் மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரேசா பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, கை வைக்கும் விதத்தைக் காட்டினாள். பிரசாந்தினி ஒரு விரலை உள்ளே விட்டாள். கோபிஷா அந்த விரலைப் பிடித்தாள். எல்லோரும் பிரசாந்தினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களுக்காகச் சிரித்தாள் என்று தயாநிதிக்குத் தோன்றியது. கீழே வந்த பிறகு, "பாவம், சின்னப் பிள்ளை," என்றாள், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்றைக்கும் அவன் சொல்லவில்லை. அவள் சாப்பிடத் தொடங்கட்டும், நடக்கத் தொடங்கட்டும் என்று நாளைத் தள்ளினான். அவளே கேட்டால் ஒளிக்கமாட்டோம், இல்லாவிட்டால் அவன் சரியென்ற பிறகு சொல்லலாம் என்று மருத்துவர்களும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் ஒவ்வொரு நாளும், இன்னும் இல்லை என்றான். பிரசாந்தினியின் தாயும் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லாயிருக்கு மாமி என்று அவளுக்கும் ஒரே பதில். சாதாரண வார்டுக்கு மாற்றி மூன்றாம் நாள், காயத்துக்கு மருந்து கட்டிய தாதி ஏதோ ஒரு சொல் சொன்னாள். பிரசாந்தினிக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. அதை அப்படியே பாடமாக்கி வைத்திருந்து, தயாநிதி வந்ததும் கேட்டாள். கர்ப்பப்பை எடுத்ததைக் குறிக்கும் டொச் சொல் அது.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தான். பின்னேரம் நான்கு மணி. ஜன்னலால் வெயில் வந்து போர்வையில் விழுந்திருந்தது. எழும்பிப் போய் திரையை இழுத்துவிட்டு வந்தான். பிறகு சொன்னான். நேராகச் சொல்ல வரவில்லை. இரத்தத்திலிருந்து தொடங்கி, பலூனுக்குப் போய், தொலைபேசிக்கு வந்து, பை என்ற சொல்லில் நின்றான்.

அவள் கையைப் போர்வைக்குள் விட்டு வயிற்றில் வைத்தாள். "உங்களிட்டைக் கேட்டவையோ?"

"கேட்டவை. எனக்கு விளங்கேல்லை. வேறை ஏதோ பை எண்டு நினைச்சு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"விளங்கியிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

அவன் இதை அதுவரை தன்னிடம் கேட்டுப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் சொல்லின் பிழையையே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான்.

"ஓம் எண்டுதான்."

"அப்ப பிறகென்ன?" என்றாள். குரல் உயரவில்லை. "அதைச் சொல்ல உங்களுக்கு ஏன் இவ்வளவு நாள்? நேர்ஸுக்குத் தெரியும். கட்டில் தள்ளுறவைக்கும் தெரிஞ்சிருக்கும். என்ரை உடம்பிலை என்ன இல்லை எண்டு எனக்கு மட்டும் தெரியாது."

அவன் வாயைத் திறந்தான். உன்னைக் காப்பாற்ற என்று சொல்ல வந்தது. அது பொய் என்று சொல்ல முன்னரே தெரிந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒளித்தான். அதைச் சொல்லவும் துணிவில்லை. அவள் மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இரண்டு நாள் அவள் அவனோடு கதைக்கவில்லை. கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டாள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள், அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவையும் அம்மானையும் கூப்பிடச் சொல்லித் தாதியிடம் கேட்டாள். அவனையும் இருக்கச் சொன்னாள். ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளாகச் சொல்லுங்கோ என்று அம்மானிடம் கேட்டாள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த மருந்து, யார் நின்றார்கள், பிள்ளை அழுததா. அம்மான் மருத்துவக் கோப்பைத் திறந்து வைத்து ஒரு மணிநேரத்துக்கு மேல் சொன்னார். பிள்ளை பிறந்ததும் அழுததாம், பூனைக்குட்டியைப் போல. பிரசாந்தினி எழுதுவதை நிறுத்தினாள்.

தயாநிதி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்றவன். ஆனால் நடந்தவற்றின் ஒழுங்கு அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தான் லிப்டுக்கும் கதவுக்கும் இடையில் ஓடிய அந்த நேரத்தில்தான் அவளுடைய இதயம் ஒருதரம் தடுமாறியிருந்தது என்று அம்மான் சொன்னபோது, அவன் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பிரசாந்தினி கொப்பியிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தண்ணீர்க் கிளாஸை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

அடுத்த நாள் அவள் தானாகவே ஆறாம் மாடிக்கு நடந்து போனாள், சுவரைப் பிடித்துப் பிடித்து. திரேசா பிள்ளையை அவள் நெஞ்சில் வைத்து மேலே ஒரு துணியால் மூடினாள். மனதுக்குள் என்ன வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும், முதலில் ஒன்றும் வரவில்லை என்றும், பயமும் களைப்பும்தான் வந்தன என்றும் பின்னர் தயாநிதியிடம் சொன்னாள். ஒரு மணிநேரத்தில் இருவரும் நித்திரையாகிவிட்டார்கள். இதைப் போல அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். எந்த நாள் அது தன்னுடைய பிள்ளையாக மாறியது என்று அவளால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

அவள் மே மாத நடுவில் வீட்டுக்கு வந்தாள். கோபிஷா ஜூன் கடைசியில் வந்தாள், இரண்டேகால் கிலோவோடு. வந்த மறுநாள் பிரசாந்தினி தாய்க்கு வீடியோவில் அழைத்துப் பிள்ளையைக் காட்டினாள். தயாநிதி அடுப்படியில் போத்தல்களைக் கொதிதண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தான். தாய் பேத்தியைப் பார்த்து அழுதாள், சிரித்தாள், பிறகு அடுத்தது ஆம்பிளைப் பிள்ளையாக வரவேணும் என்றாள்.

"அடுத்தது இல்லையம்மா," என்றாள் பிரசாந்தினி. "என்ரை கர்ப்பப்பையை எடுத்துப்போட்டினம்."

குரலைத் தாழ்த்தவில்லை. அடுப்படியில் நின்றவனுக்குக் கை நின்றது. பிறகு தாய் மெல்ல, மருமகன் அதற்கு ஓம் என்று சொன்னவரோ என்று கேட்டாள்.

"சொன்னவர். என்னெண்டு விளங்காமல் சொன்னவர். விளங்கியிருந்தாலும் சொல்லியிருப்பாராம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன் போல. தெரியேல்லையம்மா. ஆரும் என்னைக் கேக்கேல்லை."

அது தனக்கான மன்னிப்பா, இல்லையா என்று தயாநிதிக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கலாமா என்று யோசித்தான். அதற்குள் கோபிஷா அழத் தொடங்கினாள். பிரசாந்தினி உள்ளேயிருந்து பால் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் போத்தலை எடுத்து, சூட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டு போனான்.